கங்காவின் அடுத்த மாத மாத்திரை

தமிழ் சினிமாவில் ஒரு மனநல மருத்துவர் ஊருக்குள்ளேயே வந்து, தங்கி, சாப்பிட்டு, வைத்தியம் பார்த்துவிட்டுப் போன கதை எது என்று கேட்டால், பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும். 'சந்திரமுகி' சரவணன். 2005இல் வந்த படம். அதன் மூலமான 'மணிச்சித்திரத்தாழ்' 1993இல் மலையாளத்தில் வந்தது. அங்கே அவர் பெயர் டாக்டர் சன்னி. இரண்டு பேரும் அமெரிக்காவிலிருந்து வருகிறார்கள். இரண்டு பேரும் கணவனின் நண்பர்கள். நண்பன் என்பதால் பீஸ் கிடையாது. நோயாளி எங்கேயும் போக வேண்டியதில்லை, மருத்துவர் நோயாளியின் வீட்டு மாடியிலேயே தங்கியிருக்கிறார். நாள் முழுக்க நோயாளியைக் கவனிக்கிறார், குடும்பத்தில் ஒவ்வொருவராகப் பேசிப் பார்க்கிறார், ராத்திரியில் கண் விழித்துக் காத்திருக்கிறார். உலகத்தில் எந்த மனநல மருத்துவமனையும் ஒரு நோயாளிக்கு இவ்வளவு நேரம் ஒதுக்கியதாகத் தெரியவில்லை.

கடைசியில் துர்காஷ்டமி இரவு. பொம்மை எரிகிறது, சந்திரமுகி போகிறாள், கங்கா திரும்புகிறாள். படம் முடிகிறது.

என்னை ரொம்ப நாளாகத் தொந்தரவு செய்யும் கேள்வி இதற்குப் பிறகு ஆரம்பிக்கிறது. சரவணன் அமெரிக்காவுக்குத் திரும்பிவிடுவார். அடுத்த மாதம் கங்கா யாரைப் பார்ப்பாள்? தூக்கம் வராத ஒரு இரவு திரும்ப வந்தால் செந்தில் யாருக்குப் போன் போடுவான்? பக்கத்தில் எந்த ஊரில் மாத்திரை கிடைக்கும்?

படத்தின் குறையைச் சொல்லிக் காட்டுவதற்காக இதைக் கேட்கவில்லை. 'சந்திரமுகி' ஒரு நல்ல மசாலாப் படம், அதை அதன் விதிகளுக்குள்தான் பார்க்க வேண்டும் என்பது எனக்கும் தெரியும். சினிமா சுகாதாரத் துறை கிடையாது. ஆனால் கிராமத்தில் ஒருவருக்கு மனம் பிறழும்போது, சுற்றியிருப்பவர்களுக்கு அதைப் பற்றிப் பேச எந்தச் சொற்கள் கையில் இருக்கின்றன என்று பார்த்தால், பாதி கோயிலிலிருந்து வந்தவை, மீதிப் பாதி சினிமாவிலிருந்து வந்தவை. படம் வந்த அடுத்த வருடம் என் அத்தைக்கு உடம்பு முடியாமல் போனபோது ஊரில் சொன்ன முதல் வார்த்தையே "சந்திரமுகி மாதிரி ஆயிருச்சு" என்பதுதான். பதினோராம் வகுப்பு படித்துக்கொண்டிருந்த எனக்கும் வேறு வார்த்தை தெரியாது. அதனால் இந்தக் கதைகள் நமக்கு எதைச் சொல்லித் தந்தன, எதைச் சொல்லாமல் விட்டன என்று கணக்குப் பார்ப்பது தேவையற்ற வேலை இல்லை என்று நினைக்கிறேன்.

*

நான் வேலை பார்க்கும் துறையில் இரண்டு வகையான வேலைகள் உண்டு. ஒன்று, பிரச்சினையைக் கண்டுபிடித்துச் சரிசெய்வது. ராத்திரி இரண்டு மணிக்கு சர்வர் விழும், பத்து பேர் காலில் உட்கார்வோம், ஒருத்தன் அந்த ஒற்றை வரியைக் கண்டுபிடிப்பான், கைதட்டுவோம். இன்னொன்று பராமரிப்பு. யாரும் கைதட்டாத வேலை. எதுவும் நடக்கவில்லை என்றால் அந்த வேலை நன்றாக நடக்கிறது என்று அர்த்தம்.

நம் கதைகளுக்கு மனநோய் என்பது முதல் வகை வேலை. அது ஒரு புதிர். புதிருக்கு ஒரு சாவி இருக்கும். பாட்டி வீட்டில் கேட்ட பழங்கதையோ, தலையில் பட்ட அடியோ, தோற்ற காதலோ. சாவி கிடைத்தால் பூட்டு திறக்கும், ஆள் குணமாகிவிடுவார். 1982இல் வந்த 'மூன்றாம் பிறை'யில் விஜிக்கு ஒரு வைத்தியரிடம் ஒரு நாள் சிகிச்சைதான். ஒரே நாளில் நினைவு முழுக்கத் திரும்புகிறது, பிறகு ரயில் நிலையம், சீனுவின் அந்தக் குட்டிக்கரணம். நாம் எல்லோரும் அழுத காட்சி. விஜி குணமாவது கதைக்குத் தேவை, எப்படிக் குணமானாள் என்பது தேவையில்லை. அதனால் அந்த மலைக்கிராமத்து வைத்தியம் கதவுக்குப் பின்னால் நடக்கிறது.

அதே 1982இல்தான் இந்திய அரசு தேசிய மனநலத் திட்டத்தைத் தொடங்கியது. ஆரம்ப சுகாதார நிலையம் வரைக்கும் மனநல சிகிச்சையைக் கொண்டுபோவது அதன் கனவு. அதை நடைமுறைக்குக் கொண்டுவர மாவட்ட மனநலத் திட்டம் 1996இல் வந்தது. நடுவில் பதினான்கு வருடங்கள். சினிமாவில் ஒரு நாள் ஆனது, நிஜத்தில் கதவு திறக்கவே பதினான்கு வருடம் ஆனது. இந்த ஒப்பீடு சினிமாவைக் கிண்டல் செய்வதற்கில்லை. நிஜத்தில் இந்த விஷயம் எந்த வேகத்தில் நகர்கிறது என்பதைக் காட்டத்தான்.

நிஜத்தில் நீண்டகால மனநோய்களில் பெரும்பாலானவை இரண்டாவது வகை வேலை. சர்க்கரை நோய் மாதிரி, ரத்த அழுத்தம் மாதிரி. கட்டுக்குள் வைக்க முடியும். அதற்கு மாதாமாதம் பார்க்க ஒரு மருத்துவர், விடாமல் கிடைக்கும் மாத்திரை, கூட வர ஒரு ஆள், திரும்பிப் போக ஒரு பஸ் வேண்டும். இதில் எங்கே கதை இருக்கிறது? போன மாதம் நடந்ததே இந்த மாதமும் நடக்கிறது. திரைக்கதை வகுப்பில் இதை எழுதிக் கொடுத்தால் 'கான்ஃப்ளிக்ட் எங்கே தம்பி?' என்பார்கள்.

கான்ஃப்ளிக்ட் இருக்கிறது. அது எங்கே இருக்கிறது என்று நமக்குப் பார்க்கத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

*

அத்தை கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அப்பாவின் தங்கை. எங்கள் ஊர் மாவட்டத் தலைநகரிலிருந்து 42 கிலோமீட்டர். முதலில் தூக்கம் போனது. பிறகு, பக்கத்து வீட்டு ரேடியோவில் தன்னைப் பற்றிப் பேசுகிறார்கள் என்றார். அடுப்பு பற்றவைப்பதை விட்டார். கோடாங்கியை வரவழைத்தார்கள், உடுக்கையடித்துக் குறி பார்த்தார். கிணற்றடியில் எதையோ தாண்டிவிட்டதாகச் சொன்னார். தாயத்து கட்டினார்கள். அப்புறம் ஒரு தர்காவில் மூன்று வாரம். அப்புறம் டவுனில் ஒரு 'நரம்பு டாக்டர்'.

இந்த 'நரம்பு டாக்டர்' என்ற சொல்லைப் பற்றி யாராவது ஒரு ஆராய்ச்சியே செய்யலாம். நரம்பியல் மருத்துவரையும் ஊரில் அப்படிச் சொல்வார்கள், மனநல மருத்துவரையும் சொல்வார்கள், சத்து ஊசி போடுகிற பொது மருத்துவரையும் சொல்வார்கள். 'மனநலம்' என்று போர்டு வைத்த வாசலில் சொந்தக்காரர் யாராவது பார்த்துவிட்டால் வீட்டில் பெண்ணுக்கு வரன் வராது. 'நரம்பு' என்றால் பிரச்சினையில்லை, நரம்பு எல்லோருக்கும் இருக்கிறது. அந்தச் சொல் ஒரு மறைப்பு, அதே சமயம் அது ஒரு கதவும்கூட. அந்தச் சொல் இல்லையென்றால் பலர் மருத்துவமனைப் பக்கமே வந்திருக்க மாட்டார்கள். ஆனால் அந்தக் கதவு வழியாக உள்ளே போகிறவர்கள் சரியான அறைக்குத்தான் போவார்கள் என்ற உத்தரவாதம் கிடையாது. அத்தைக்கு நாலு மாதம் பி-காம்ப்ளெக்ஸ் ஊசிதான் கிடைத்தது.

கடைசியில் வழி காட்டியது யார் என்றால், பக்கத்து வீட்டுக் கர்ப்பிணிப் பெண்ணைப் பார்க்க வந்த கிராம சுகாதார நர்ஸ். திண்ணையில் உட்கார்ந்திருந்த அத்தையைப் பார்த்துவிட்டு, "இவங்கள எதுக்கு இப்படியே வச்சிருக்கீங்க, வியாழக்கிழமை பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். அறிகுறி ஆரம்பித்து அதற்குள் பதினான்கு மாதம் ஆகியிருந்தது. அந்த நர்ஸ் எந்த நாவலிலும் இல்லை. எந்தப் படத்திலும் இல்லை. என்னைப் பொறுத்தவரை இந்தக் கதையின் சரவணன் அவர்தான்.

அதற்குப் பிறகு மாதம் ஒரு தடவை. காலை 5.50 பஸ். ஓபி சீட்டு, டோக்கன், வரிசை, மூன்று நிமிடம், மாத்திரைக் கவுண்டரில் இன்னொரு வரிசை. கல்லூரி விடுமுறைகளில் நான் கூடப் போவேன். வரிசையில் நிற்கும்போது மாமா எனக்குப் பாடம் எடுப்பார்:

"மாப்ள, டாக்டர் கேக்குறதுக்கு முன்னாடி நீயே சொல்லிரு. தூங்குறா, சாப்புடுறா, சண்டை போடல. அம்புட்டுதான். வேற எதும் சொன்ன, மாத்திரையக் கூட்டிருவாங்க. கூட்டுனா பகல்லயும் படுத்தே கெடப்பா. அப்புறம் மாட்டுக்கு யாரு தண்ணி காட்டுறது?"

அந்த மூன்று நிமிடத்துக்குள் ஒரு நாடகமே இருக்கிறது. மருத்துவர் மாறிக்கொண்டே இருப்பார், அதனால் போன மாதம் என்ன பேசினோம் என்பது நோட்டில் எழுதிய இரண்டு வரி மட்டும்தான். மாமா உண்மையில் பாதியைத் தணிக்கை செய்வார். அத்தை பேசவே மாட்டார். ஒரு மாதம் இரண்டு மாத்திரைகளில் ஒன்று 'ஸ்டாக் இல்லை, வெளியே வாங்கிக்குங்க' என்பார்கள். மாத்திரை இலவசம்தான், ஆனால் அந்த நாள் இலவசம் கிடையாது. இரண்டு பேரின் ஒரு நாள் கூலி, பஸ் டிக்கெட், இரண்டு வேளைச் சாப்பாடு. இதைப் பன்னிரண்டால் பெருக்கி, பிறகு வருடங்களால் பெருக்கிப் பாருங்கள்.

2015-16இல் நிம்ஹான்ஸ் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பு, மனநலச் சிக்கல் உள்ளவர்களில் 70 முதல் 92 சதவீதம் பேருக்குச் சிகிச்சை கிடைக்கவில்லை என்றது. சிக்கலின் வகையைப் பொறுத்து விகிதம் மாறும். இந்த எண்ணைப் பார்க்கும் நகரத்து வாசகர் இதை 'விழிப்புணர்வு இல்லாமை' என்று படிப்பார். எனக்கு அது 5.50 பஸ்ஸாகத் தெரிகிறது. பலருக்கு எங்கே போக வேண்டும் என்று தெரியும். மாதாமாதம் போய்க்கொண்டே இருக்கத்தான் முடியாது.

*

'சேது' 1999 டிசம்பரில் வந்தது. கும்பகோணத்து சீயான், தலையில் பட்ட அடியால் மனம் பிறழ்ந்து, பாண்டிமடத்துக்குக் கொண்டுபோகப்படுகிறான். மொட்டைத் தலை, சங்கிலி, வரிசையாகக் கட்டிப்போடப்பட்ட மனிதர்கள். தமிழ் சினிமா அதுவரை மனநோயாளி என்றால் பெரும்பாலும் கீழ்ப்பாக்கத்து ஜோக் என்றுதான் வைத்திருந்தது. பாலா அந்த இடத்தைச் சிரிக்க முடியாத இடமாக மாற்றினார். அது பெரிய விஷயம், அதை மறுக்க முடியாது.

ஆனால் படம் அந்தச் சங்கிலியை எதற்குப் பயன்படுத்துகிறது? சேதுவின் துயரத்தின் அளவைக் காட்ட. எவ்வளவு உயரத்திலிருந்து விழுந்தான் என்று காட்ட. நினைவு திரும்பிய பின்னும் அவன் தப்பித்துத்தான் வெளியே வர வேண்டியிருக்கிறது. வந்து பார்த்தால் அபிதா இறந்துகிடக்கிறாள். அவன் தானாகவே மடத்துக்குத் திரும்பிப் போகிறான். தியேட்டரில் நாம் சேதுவுக்காக அழுதோம். அவன் பக்கத்தில் கட்டப்பட்டிருந்தவர்களுக்காக அழ நேரமில்லை. அவர்களுக்குக் காதல் கதை இல்லை. அவர்கள் பின்னணி.

படம் வந்து இரண்டு வருடம்கூட ஆகவில்லை. 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை ஏர்வாடியில், தர்காவைச் சுற்றி நடந்துகொண்டிருந்த தனியார் காப்பகங்களில் ஒன்றில் தீப்பிடித்தது. கூரைக் கொட்டகை. உள்ளே இருந்தவர்கள் சங்கிலியால் கட்டப்பட்டிருந்தார்கள், ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கை எடுத்தது. உரிமமில்லாத காப்பகங்கள் மூடப்பட்டன. பின்னாளில் 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 95ஆம் பிரிவு, எந்த வகையிலும் எந்த முறையிலும் ஒருவரைச் சங்கிலியிடுவதைத் தடை செய்தது.

அந்த 28 பேரும் பின்னணியில் இருந்தவர்கள். நம் கதைகள் பார்க்க மறந்த அந்த வரிசை.

'சேது' ஏர்வாடியைத் தடுத்திருக்க வேண்டும் என்று சொல்லவில்லை. எந்தப் படமும் எதையும் தடுக்காது. என் வருத்தம் வேறு. சங்கிலியை நாம் கொடுமைக்காரனின் ஆயுதமாக மட்டுமே பார்க்கப் பழகிவிட்டோம். சங்கிலிக்கு முன்னால் ஒரு குடும்பம் இருக்கிறது. மகன் ராத்திரியில் எழுந்து நெடுஞ்சாலைக்கு நடந்துவிடுவான். அப்பா பகலில் வேலைக்குப் போக வேண்டும். பக்கத்தில் மருத்துவமனை இல்லை, இருந்தாலும் அட்மிஷன் இல்லை. அந்த அப்பா காப்பகத்துக்கு மாதம் பணம் கட்டிவிட்டு, மகன் கால் சங்கிலியைப் பார்த்தும் பார்க்காமல் பஸ் ஏறுகிறார். அவர் கெட்டவர் இல்லை. அவருக்கு வேறு வழி காட்டப்படவில்லை. இந்த அப்பாவை வைத்து நம்மிடம் ஒரு நல்ல சிறுகதை இருந்தால், ஏர்வாடியை நாம் வேறு மாதிரி புரிந்துகொண்டிருப்போம்.

*

இங்கே கோயிலுக்கும் தர்காவுக்கும் வர வேண்டும், தப்பிக்க முடியாது.

இணையத்தில் இதைப் பற்றிப் பேசினால் உடனே இரண்டு கட்சி. ஒரு கட்சி மூடநம்பிக்கை என்று முடித்துவிடும். இன்னொரு கட்சி மண்ணின் மரபு, தொல்குடி ஞானம் என்று ஆரம்பித்துவிடும். இரண்டு கட்சியிலும் யாரும் மூன்று வாரம் தர்கா வாசலில் படுத்திருக்க மாட்டார்கள்.

திருச்சிக்குப் பக்கத்தில் குணசீலம் கோயிலில் 48 நாள் தங்கினால் மனம் தெளியும் என்பது நெடுநாள் நம்பிக்கை. இதுபோல இன்னொரு தமிழ்நாட்டுக் கோயிலில், முத்துசுவாமி கோயிலில், நிம்ஹான்ஸைச் சேர்ந்த ரகுராமும் அவருடைய சக மருத்துவர்களும் ஒரு ஆய்வு செய்தார்கள். 2002இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளிவந்தது. தீவிர மனநோயோடு வந்து அங்கே தங்கிய 31 பேர். சராசரியாக ஆறு வாரம். மருந்து கிடையாது, விசேஷமான மந்திரமோ பரிகாரமோ கிடையாது. காலையில் ஒரு வழிபாடு, பிறகு கோயிலைப் பெருக்குவது, செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது போன்ற சின்ன வேலைகள். கூடவே குடும்பத்தில் ஒருவர். கிளம்பும்போது அவர்களுடைய நோய்க்குறிகளின் அளவு ஏறக்குறைய 20 சதவீதம் குறைந்திருந்தது. சிறிய ஆய்வுதான், ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு குழு இல்லை. இதை வைத்துக்கொண்டு மாத்திரையை நிறுத்தச் சொல்கிறவர்களை நான் நம்ப மாட்டேன். ஆனால் ஆய்வாளர்கள் சொன்ன விளக்கம் முக்கியமானது: அந்த இடம் அவர்களை அரவணைத்தது, பயமுறுத்தவில்லை.

அத்தை ரொம்ப வருடம் கழித்து ஒருநாள் சொன்னார்: "அங்க இருந்தப்ப என்னையப் பாத்து யாரும் மூஞ்சியத் திருப்பல. எல்லாரும் என்னைய மாதிரிதான இருந்தாங்க." தர்கா அவரைக் குணப்படுத்தவில்லை. மாத்திரைதான் அந்த ரேடியோவை நிறுத்தியது. ஆனால் ஆஸ்பத்திரி வரிசையில் அவர் முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டுதான் நிற்பார். தர்காவில் அப்படி இல்லை. இந்த இரண்டையும் ஒரே நேரத்தில் சொல்ல ஒரு மொழி நமக்கு வேண்டும்.

வேடிக்கை என்னவென்றால், 'சந்திரமுகி'க்கு இது தெரிந்திருக்கிறது. கிளைமாக்ஸில் சரவணன் தனியாக வேலை செய்யவில்லை. பேயோட்ட வந்த ஆச்சாரியார் அவரோடு சேர்கிறார். பூசையை ஆச்சாரியார் நடத்துகிறார், அதன் ஸ்கிரிப்டை டாக்டர் எழுதுகிறார். 'மணிச்சித்திரத்தாழி'ல் திலகன் நடித்த நம்பூதிரிக்கு சன்னியை முன்பே தெரியும், மதிக்கவும் செய்கிறார். நாம் பகுத்தறிவு சார்ந்தோ சாராமலோ இந்த இடத்தைச் சிரித்துக் கடந்துவிடுகிறோம். ஆனால் குஜராத்தின் உனாவா தர்காவிலும், பிறகு நம் ஏர்வாடியிலும் நடைமுறைக்கு வந்தது கிட்டத்தட்ட இதுதான். 'தவா - துவா' என்று பெயர். மருந்தும் பிரார்த்தனையும். தர்காவுக்கு வருகிறவரிடம் தர்காவின் ஆட்களே, 'துவாவும் செய்யுங்க, டாக்டரையும் பாருங்க' என்று சொல்லி அனுப்புவார்கள். யாரும் யாருடைய நம்பிக்கையையும் உடைக்க வேண்டியதில்லை. ஒரு மசாலாப் படம் தற்செயலாகத் தொட்ட இடத்தை நம் தீவிர இலக்கியம் இன்னும் தொடவில்லை என்பது எனக்கு ஆச்சரியம்தான்.

*

பார்த்துக்கொள்கிறவர்களைப் பற்றி. நம் கதைகளில் அவர்கள் இரண்டே வகை. ஒன்று, 'மூன்றாம் பிறை' சீனு. எல்லாவற்றையும் கொடுத்துவிட்டுக் கடைசியில் மறக்கப்படுகிறவன். இன்னொன்று, 2004இல் வந்த 'காதல்' படத்தின் கணவன். ரோட்டில் பித்தனாகத் திரியும் முருகனைக் கண்டு மனைவி உடைந்து அழ, அவனைத் தூக்கிக்கொண்டுபோய்ச் சேர்த்துச் சிகிச்சைக்கு வழி செய்கிறவர். பாலாஜி சக்திவேல் அந்த முடிவை மிகக் கண்ணியமாக எடுத்திருக்கிறார். இன்றைக்கும் தொண்டை அடைக்கும்.

ஆனால் கவனியுங்கள், இரண்டு பேரும் தியாகிகள். தியாகம் என்பது ஒரு தடவை செய்வது, அதற்கு ஒரு காட்சி போதும். எங்கள் மாமா தியாகி இல்லை. அவர் எரிச்சல்படுவார், அத்தையைத் திட்டுவார், இரண்டு தடவை அடித்தும் இருக்கிறார், குடித்துவிட்டு 'எந்தலையெழுத்து' என்று தெருவில் நின்று கத்தியிருக்கிறார். அடுத்த வியாழன் 5.50 பஸ்ஸில் அவர்தான் அத்தையைக் கூட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். மாத்திரையைப் பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டுச் சாமி படத்துக்குப் பின்னால் வைத்துவிட்டு, ராத்திரி எண்ணிப் பார்ப்பார். அடித்ததை எந்தக் கணக்கிலும் கழித்துவிட முடியாது. எண்ணிப் பார்த்ததையும் கழிக்க முடியாது. இப்படி ஒரு மனிதரை வில்லனாகவும் ஆக்காமல் தெய்வமாகவும் ஆக்காமல் எழுத எவ்வளவு பொறுமை வேண்டும்!

அந்தப் பொறுமை தமிழில் இருக்கிறது என்பதற்கு இமையத்தின் 'செல்லாத பணம்' ஒரு சாட்சி. 2020க்கான சாகித்ய அகாதெமி விருது பெற்ற நாவல். பொறியியல் படித்த ரேவதி, ஆட்டோ ஓட்டும் ரவியைக் கல்யாணம் செய்துகொண்டவள், தீக்காயங்களோடு ஜிப்மர் மருத்துவமனையில் கிடக்கிறாள். நாவலின் பெரும்பகுதி அந்தத் தீக்காயப் பிரிவின் வாசலில், காத்திருப்பில், பேச்சில் நடக்கிறது. அப்பா, அம்மா, அண்ணன், வந்துபோகும் உறவினர்கள். எல்லோரும் பேசிக்கொண்டே இருக்கிறார்கள். யார் குற்றவாளி, எவ்வளவு செலவானாலும் பரவாயில்லை, மானம் போச்சு.

இது மனநோயைப் பற்றிய நாவல் கிடையாது. ஆனாலும் இங்கே இதைக் கொண்டுவரக் காரணம் உண்டு. ஆஸ்பத்திரி வராந்தாவை ஒரு கதைக்களமாக, அதன் முழு அலுப்போடும் அவமானத்தோடும், இவ்வளவு நேரம் கண்ணை எடுக்காமல் பார்த்த நாவல் தமிழில் குறைவு. இமையம் காத்திருப்பை எழுதுகிறார். எதுவும் நடக்காத நேரத்தில்தான் ஒரு குடும்பத்தின் எல்லாமும் வெளியே வருகிறது என்பது அவருக்குத் தெரியும். நான் மேலே சொன்ன 'கான்ஃப்ளிக்ட் எங்கே' என்ற கேள்விக்கு அந்த வராந்தாதான் பதில்.

இன்னொன்றும் உண்டு. அத்தனை பேர் அத்தனை பக்கம் பேசும்போதும், வீட்டிலிருந்த காலத்திலேயே ரேவதியின் மனதுக்குள் என்ன ஓடியது என்று உட்கார்ந்து கேட்ட ஒரு ஆள் இருந்திருந்தால் என்ற எண்ணம் படிக்கிறவருக்கு வந்துகொண்டே இருக்கிறது. உடம்பு எரிந்த பிறகு ஊரே கூடி நிற்கிறது. நாவல் இதைச் சொல்லாமல் உணர்த்துகிறது. சொல்லியிருந்தால் பிரச்சாரமாகியிருக்கும்.

*

நிஜம் சும்மா இருக்கவில்லை, அதையும் சொல்ல வேண்டும். 1984இல் டாக்டர் சாரதா மேனன் தொடங்கிய ஸ்கார்ஃப் நிறுவனம், 2010இலிருந்து புதுக்கோட்டை கிராமங்களுக்கு ஒரு பஸ்ஸை அனுப்பியது. பஸ்ஸுக்குள் ஒரு அறை, ஒரு திரை. திரையில் சென்னையிலிருந்து மனநல மருத்துவர். பேசி முடித்ததும் அந்தப் பஸ்ஸிலேயே மாத்திரை. நோயாளி பஸ் ஏறிப் போவதற்குப் பதிலாக, பஸ் நோயாளியிடம் வந்தது. 2022 அக்டோபரிலிருந்து டெலி மானஸ் என்ற அரசுத் தொலைபேசிச் சேவை 14416 என்ற எண்ணில் இயங்குகிறது. 2017 சட்டத்தின் 18ஆம் பிரிவு, மனநல சிகிச்சைக்காக யாரும் நெடுந்தூரம் போக வேண்டியிருக்கக் கூடாது, வசிக்கும் இடத்துக்கு அருகிலேயே அது கிடைக்க வேண்டும் என்கிறது. சட்ட மொழியில் எழுதப்பட்டதுதான். ஆனால் 5.50 பஸ்ஸில் போனவர்களுக்கு அது கவிதைக்குப் பக்கத்தில் வரும்.

சட்டம் காகிதத்தில் இருக்கிறது, பஸ் சில ஊர்களில் இருக்கிறது, அத்தை இன்னும் மாவட்ட ஆஸ்பத்திரிக்குத்தான் போகிறார். நடுவில் உள்ள இந்த இடைவெளியை நிரப்புவது அரசின் வேலை. ஆனால் அந்த இடைவெளி எப்படி இருக்கும், அதற்குள் வாழ்கிறவர்கள் எப்படிப் பேசிக்கொள்வார்கள், எதை மறைப்பார்கள், எதற்குச் சிரிப்பார்கள் என்று காட்டுவது எழுதுகிறவர்களின் வேலை. அது நடக்காதவரை ஊரில் ஒரு பெண்ணுக்குத் தூக்கம் போனால் 'சந்திரமுகி மாதிரி' என்றுதான் சொல்லிக்கொண்டிருப்போம், வேறு சொல் நம்மிடம் இருக்காது.

இதை வாசிக்கும் உங்களில் பலர் எழுதுகிறவர்கள் என்று எனக்குத் தெரியும். பேய்க்கதை வேண்டாம், சங்கிலி வேண்டாம், அமெரிக்க டாக்டர் வேண்டாம். ஒரு வியாழக்கிழமை ஓபி வரிசையை மட்டும் எழுதிப் பாருங்கள். டோக்கன் நம்பர் 63. முன்னால் ஒரு கிழவர் தன் பேரனுக்காக வந்திருப்பார், பேரன் வரமாட்டேன் என்றுவிட்டான், மாத்திரை மட்டும் தருவார்களா என்று எல்லோரிடமும் கேட்டுக்கொண்டிருப்பார். அட்டெண்டர் தர மாட்டார்கள் என்பார். வரிசையில் இருக்கும் யாரோ ஒரு அம்மா, "நீ உள்ள போயி டாக்டர்கிட்ட நேராவே கேளு தாத்தா" என்பார். கிழவர் உள்ளே போவார். கதவு மூடும். மூன்று நிமிடம்.

அந்த மூன்று நிமிடத்தில் உள்ளே என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரிந்துகொள்ள வேண்டும்.